வாசகர் கேள்வி பதில்: ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன டயர் போடலாம்?

கேள்வி: கோலாலம்பூரில் இருக்கிறேன். 2013 மாடல் டொயோட்டா 86, கைமாறி வந்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் உலு யாம், கெந்திங் மலைப்பாதைகளில் ஓட்டுவேன். வளைவில் கொஞ்சம் வேகமாகப் போனால் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது, மழை பெய்தால் பின்பக்கம் வழுக்குகிறது. டயர் கடையில் 18 இன்ச் ரிம் வாங்கி 225/40 மாட்டச் சொல்கிறார்கள். நண்பர்களோ 245 அகலம் போட்டால்தான் வண்டி ரோட்டில் ஒட்டிக்கொண்டு ஓடும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு யோசனையையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இருக்கிற 17 இன்ச் ரிம்மிலேயே நல்ல ரப்பர் உள்ள டயரை மாட்டுங்கள். ரிம்மும் டயரும் சேர்த்து வாங்குவதைவிடச் செலவு குறையும், வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும்.

இந்த வண்டி 2012-இல் வந்தபோது பல நாடுகளில் 215/45 R17 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், ரிம் 17 இன்ச்) அளவில் மிஷலின் பிரைமசி எச்.பி. டயரோடு வந்தது. அது நல்ல டயர்தான், ஆனால் சொகுசு காருக்கும் சத்தமில்லாத ஓட்டத்துக்கும் செய்தது. டொயோட்டாவின் ஹைபிரிட் காரான ப்ரியஸிலும் அதே டயர் வந்தது. டொயோட்டா காசு மிச்சம் பிடிக்க இப்படிச் செய்யவில்லை. வண்டியின் தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா, பிடிப்பு அளவோடு இருந்தால் சாதாரண வேகத்திலேயே வண்டி அசைவதை ஓட்டுகிறவர் உணர முடியும், அதை ஸ்டீரிங்கிலும் ஆக்சிலரேட்டரிலும் கட்டுப்படுத்தி விளையாடலாம் என்று நினைத்தார். காய்ந்த ரோட்டில் அது அருமையான யோசனை. நனைந்த மலைப்பாதையில், அதுவும் முன்பு ஓட்டியவர் போட்ட பழைய டயர் இன்னும் இருந்தால், அந்த விளையாட்டு வேண்டாம். அதனால் முதலில் உங்கள் வண்டியில் இப்போது இருப்பது எந்த டயர், எந்த வருடத்தது என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மலேசிய வெயிலில் ஆறேழு வருடம் நின்ற டயர், பட்டன் (ரோட்டில் படும் பக்கத்தில் உள்ள ரப்பர் கட்டைகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ரப்பர் இறுகிப் போயிருக்கும். மழையில் பின்பக்கம் வழுக்குவதற்கு பாதிக் காரணம் அங்கேயே கிடைக்கலாம்.

இப்போது 18 இன்ச் விஷயம். உங்கள் 215/45 R17 டயரின் மொத்த விட்டம் சுமார் 625 மில்லிமீட்டர். கடைக்காரர் சொல்லும் 225/40 R18 சுமார் 637. கிட்டத்தட்ட 2 சதவீதம் பெரிய சக்கரம். கியர் எல்லாம் அந்த அளவுக்கு நீண்டுவிடும் (அதாவது இழுவை குறையும்), ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் பக்கம் நகரும். இந்த வண்டியில் இருப்பது 2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத் திறன், 205 நியூட்டன் மீட்டர் இழுவை. கீழ் வேகத்தில் இழுவை போதவில்லை என்று வாங்கியவர்கள் ஏற்கெனவே குறைப்படும் வண்டி இது. அதன் மேல் இன்னும் கனமான ரிம்மை ஏற்றினால், சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் எடையும் கூடும், சுழற்ற வேண்டிய எடையும் கூடும். விலை குறைந்த 18 இன்ச் ரிம் பெரும்பாலும் கம்பெனி 17 இன்ச்சைவிடக் கனமாகத்தான் இருக்கும். கடையில் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

டொயோட்டாவே அடுத்த தலைமுறை ஜி.ஆர். 86-இல் என்ன செய்தது பாருங்கள். உயர்ந்த ரகத்துக்கு 18 இன்ச் கொடுத்தார்கள், ஆனால் அளவு 215/40 R18. விட்டம் பழையதோடு 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட ஏற்றவில்லை. மாற்றியது டயரின் ரகத்தை: பிரைமசிக்குப் பதில் பைலட் ஸ்போர்ட் 4. பாடியின் விறைப்பும் சஸ்பென்ஷனும் மாறின, சரி, ஆனாலும் பிடிப்பு வேண்டும் என்றபோது அவர்கள் கை வைத்தது ரப்பரில்தான்.

அகலம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அகலமான டயர் போட்டால் ரோட்டில் படும் பரப்பு அப்படியே கூடிவிடும் என்று நினைக்கிறோம். பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டியின் எடையும் காற்றழுத்தமும்தான். அகலம் கூடும்போது அந்தப் பரப்பு அகலமாகவும் குட்டையாகவும் வடிவம் மாறுகிறது. இதனால் ஸ்டீரிங் திருப்பியதும் டயர் சீக்கிரம் பதில் சொல்லும், பந்தயத் தடத்தில் சூடு தாங்கும். இந்த நன்மை உண்மையானது. ஆனால் உங்கள் ரிம்மின் அகலம் 7 இன்ச். 245/40 R17 டயருக்குக் குறைந்தது 8 இன்ச் ரிம் வேண்டும். 7 இன்ச்சில் மாட்டினால் பக்கச்சுவர் உள்ளே இழுபட்டு டயர் உப்பி நிற்கும், வளைவில் டயர் ஒரு பக்கமும் ரிம் ஒரு பக்கமும் போவது போல ஒரு தளர்வு வரும். இருந்த கூர்மையையும் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வீர்கள். அகலமாகத்தான் வேண்டும் என்றால் 225/45 R17 வரை போகலாம், 7 இன்ச் ரிம்மில் சரியாக உட்காரும், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற ஏராளமான கார்களில் வரும் அளவு என்பதால் எந்தக் கடையிலும் நல்ல ரகங்கள் கிடைக்கும். விட்டம் ஒன்றரை சதவீதத்துக்குள் கூடும், பரவாயில்லை.

மழை பெய்யும் ஊரில் இருக்கிறீர்கள். அகலமான டயர் ஒவ்வொரு நொடியும் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருக்கும். 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்ட கணக்கு ஒன்று உண்டு: தேங்கிய தண்ணீரில், பட்டன் தேய்ந்த டயர் எந்த வேகத்தில் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் என்பது அதன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 35 பி.எஸ்.ஐ. இருந்தால் மணிக்கு 98 கிலோமீட்டர் அளவில், 28 இருந்தால் 88 அளவிலேயே. காருக்கு இது தோராயக் கணக்குதான், ஆனால் காராக் நெடுஞ்சாலையில் மழைக்கு நடுவில் நாம் போகும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்குக் கவலை வருகிறது. ஆகவே டயர் தேர்ந்தெடுக்கும்போது ஈரப் பிடிப்புக்கு முதல் மதிப்பெண் கொடுங்கள். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 5, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் வரிசை, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட், இந்த வகையில் உங்கள் அளவில் எது புதிதாக வந்த சரக்காக இருக்கிறதோ அதை நான்கு சக்கரத்துக்கும் ஒரே ரகமாகப் போடுங்கள். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று கலக்கவே வேண்டாம், இந்த வண்டியின் உயிரே முன்பக்கமும் பின்பக்கமும் சமமாகப் பிடிப்பதில்தான் இருக்கிறது.

டயர் மாட்டியதோடு வேலை முடியவில்லை. முன்பக்கம் தள்ளுகிறது என்றீர்களே, முன் டயரின் வெளி ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள், உள் ஓரத்தைவிட அதிகம் தேய்ந்திருந்தால் காரணம் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். 86-இல் முன்னால் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன், கம்பெனியிலிருந்து வரும்போது கேம்பர் ஏறக்குறைய பூஜ்யம். வளைவில் வண்டி சாயும்போது டயர் வெளி விளிம்பில் ஏறி நின்றுவிடுகிறது, நடுவும் உள்பக்கமும் சும்மா இருக்கின்றன. கேம்பர் போல்ட் என்று சின்னதாக ஒரு சாமான், அதைப் போட்டு இரண்டு பக்கமும் ஒரு டிகிரியிலிருந்து ஒன்றரை டிகிரி வரை நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) வைத்து, டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) நேராக வைத்து அலைன்மென்ட் செய்யச் சொல்லுங்கள். உங்கள் குறைக்கு 245 டயரைவிட இதுதான் மருந்து.

காற்று, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணிலிருந்து தொடங்குங்கள். மலையேறி இறங்கிச் சூடான டயரில் 20, 30 கிலோபாஸ்கல் (3, 4 பி.எஸ்.ஐ.) கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். புது டயரை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முறுக்க வேண்டாம், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு மேல் தோலில் இருக்கும், அது போன பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

கேள்வி: கோவையில் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வைத்திருக்கிறேன், 15 இன்ச் ரிம், 185/60 டயர். கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் நாள்) வரும்போது ஓட்ட ஆசை. தினமும் ஆபீஸ் போவதும் இதே வண்டிதான், மாதம் ஒரு தடவை வால்பாறை. டிரெட்வேர் 200 உள்ள டயர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். போடலாமா?

பதில்: தினம் ஓட்டும் வண்டிக்கு வேண்டாம். அந்த 200 என்பது அமெரிக்க முறையில் தேய்மானத்துக்குக் கொடுக்கும் எண். டெக்சாஸில் பொதுச் சாலையில் ஏழாயிரம் மைலுக்கு மேல் ஒரு ஒப்பீட்டு டயரோடு சேர்த்து ஓட்டிப் பார்த்து, அதற்கு 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் எண்ணைப் போடுவது டயர் கம்பெனியே. ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொரு கம்பெனியின் 300-உடன் ஒப்பிட்டு இது இத்தனை மடங்கு ஒட்டும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் ஏஏ, ஏ என்ற எழுத்தும் ஈர ரோட்டில் நேராக பிரேக் போடும் பிடிப்பைத்தான் சொல்கிறது, வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அந்த ரக டயர் சூடேறினால்தான் முழுசாக வேலை செய்யும். காலை எட்டு மணிக்கு அவினாசி ரோட்டு நெரிசலில் அது சூடாகாது. ஒவ்வொரு தடவையும் நன்றாகச் சூடாகி ஆறும்போது ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். பட்டன் ஆழமும் பள்ளங்களும் பொதுவாகக் குறைவு, அடைமழையில் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அதை நம்பி இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். இன்னொன்று, இந்தியாவில் விற்கும் கார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது இல்லாத சரக்கை யாரிடமும் வாங்காதீர்கள்.

உங்களுக்கு 195/55 R15 பொருந்தும். விட்டம் ஒரு சதவீதம் சொச்சம் குறையும், பக்கச்சுவர் 111 மில்லிமீட்டரிலிருந்து 107-க்கு வரும், அவ்வளவுதான், நம் ஊர்ப் பள்ளத்தில் ரிம் அடிபடாத அளவுக்கு மெத்தை மிச்சம் இருக்கும். 16 இன்ச்சுக்குப் போய் 195/55 போட்டால் விட்டம் 3 சதவீதம் கூடிவிடுகிறது, வளைவில் அதற்கேற்ற லாபம் இல்லை. டயரில் அளவுக்குப் பக்கத்தில் 85 என்று இருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, வி என்றால் 240. வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே போகாதீர்கள்.

கார் பந்தய வீரர் கரிவர்தன் நினைவாகப் பெயர் வைத்த தடம் அது, செட்டிபாளையத்தில், சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர். முன் சக்கரம் இழுக்கும் உங்கள் வண்டியில் திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன் டயர் தலையில் விழும். தொடர்ந்து நான்கைந்து சுற்றுக்கு மேல் முறுக்காமல் ஒரு சுற்று மெதுவாக விட்டு ஆற வையுங்கள். டிராக் பித்து முற்றிவிட்டால் (முற்றும், அதில் எனக்குச் சந்தேகமில்லை) பழைய 15 இன்ச் ரிம் நான்கு வாங்கி, தடத்துக்கு மட்டும் தனி டயர் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். மாஸ்டா எம்.எக்ஸ்-5-க்கு நல்ல சம்மர் டயர் வாங்கினேன். அக்டோபர் கடைசியில் திடீரென்று பிடிப்பே இல்லாமல் போனது. டயர் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, குளிர். சம்மர் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும், ரோடு காய்ந்திருந்தாலும் வழுக்கும். பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கினால் பட்டனிலேயே வெடிப்பு விடலாம், அதனால் சூடில்லாத கராஜில் இருக்கும் வண்டியைக் குளிர்காலத்தில் அந்த டயரில் நகர்த்தக்கூட வேண்டாம். மூன்று சிகரமும் பனிச்செதிலும் உள்ள அடையாளம் போட்ட குளிர்கால டயரை இரண்டாவது ரிம் செட்டில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் குளிர்கால டயர் போட்டால் காப்புறுதிக் கம்பெனி கழிவு (தள்ளுபடி) தர வேண்டும் என்பது 2016-இலிருந்து நடைமுறை, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பின் சக்கரம் ஓட்டும் வண்டி. பணம் இப்போது இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. ஸ்டீரிங் திரும்புவது முன் சக்கரம் என்பதால் புதுசை முன்னால் போடலாமா?

பதில்: பின்னால் போடுங்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பி வரும். பின் டயர் மழையில் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அதைப் பிடிப்பதற்குள் எதிர்ப்பக்கம் போய்விடுவோம். முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கும் இதே பதில்தான். முன்னால் போகும் பழைய டயர்களில் பட்டன் ஆழம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது, புது டயரில் 8 மில்லிமீட்டர் அளவு இருக்கும். என் கணக்கில் 3-க்கு வந்துவிட்டால் மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அந்த இரண்டையும் மாற்றிவிடுங்கள்.