மரம் வெட்டும் இயந்திரத்துக்கு எந்த வெட்டுத்தலை பொருந்தும்?

வெட்டுத்தலை என்பது இயந்திரக் கையின் நுனியில் மரத்தைப் பிடித்து வெட்டும் பகுதி. கத்தரி, சங்கிலிவாள், சுழலும் வட்டவாள் என்று மூன்று வகை பரவலாக உண்டு.

கத்தரி வகை பாக்குவெட்டி மாதிரி: அறுக்காது, நெரித்துத் துண்டாக்கும். அதனால் அடிமரத்தில் நார் பிளந்து வெடிப்பு ஓடும். விறகுக்குப் பரவாயில்லை, பலகைக்குப் போகும் தேக்குக்குச் சங்கிலிவாள்தான் என் தெரிவு. வட்டவாள் வேகமானது, ஆனால் கல்லில் பட்டால் பொறி பறக்கும். வன்னியின் ஆடி மாதக் காய்ந்த புல்லுக்குள் அது வேண்டாத வேலை.

வெட்டிய மரத்தை உருளைகளால் இழுத்துக் கிளையும் சீவும் தலைகள் நேரான மரங்களுக்கென்றே செய்யப்பட்டவை. கோணலான பாலை மரத்தில் திணறும். (காட்டுப் பாலையைத் தொட வனவளத் திணைக்கள அனுமதி வேண்டும், அது வேறு கதை.)

பெரிய தலை பூட்டினால் பெரிய மரம் வெட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தலையின் பாரம் கூடக்கூட, கை நீட்டித் தூக்கக்கூடிய மரத்தின் பாரம் குறையும்.