இருட்டிய பிறகு பறவை பார்க்கப் போவதில் அர்த்தம் இருக்கிறதா?

நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், மார்ச் குளிரில் பறவை கிளப் சாயங்காலம் கூப்பிடுகிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் பைனாகுலர் வாங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இதில் காதுக்குத்தான் வேலை.

அநேகமாக அமெரிக்கன் வுட்காக்குக்காகத்தான் கூப்பிடுகிறார்கள். நம் ஊர் உள்ளானுக்கு உறவு. நீண்ட அலகு, குண்டு உடம்பு, சருகு நிறம். பகலில் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாலும் கண்ணில் படாது. மார்ச் பிறந்ததும் ஆண் பறவை அந்தி நேரத்தில் திறந்த புல்வெளிக்கு வந்துவிடும். மூக்கடைத்தவர் பேசுவது மாதிரி, சில விநாடிகளுக்கு ஒருமுறை 'பீண்ட்' என்று சத்தம் கொடுக்கும். திடீரென்று அது நின்றால் உடனே மேலே பாருங்கள். வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும் மேற்கு வானத்தில் வட்டமடித்துக்கொண்டே 60, 90 மீட்டர் உயரத்துக்கு ஏறும். அப்போது கேட்கும் கிணுகிணுப்பு தொண்டையிலிருந்து வருவதில்லை. இறக்கையின் ஓரத்தில் இருக்கும் மூன்று ஒல்லியான இறகுகளில் காற்று உரசுவதால் வருவது. உச்சிக்குப் போனதும் வாயாலும் கீச்சிட்டபடி, வளைந்து வளைந்து சரிந்து, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கும். அப்புறம் மறுபடியும் பீண்ட். பெண் பறவையைக் கவரத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எதிலும் ஐயா தலைகாட்ட மாட்டார்.

நான் போவது கிரேட் ஸ்வாம்ப் என்கிற சதுப்பு நிலத்தின் பக்கம். நியூயார்க்கிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம்தான். 1959இல் அங்கே பெரிய விமான நிலையம் கட்டத் திட்டம் போட்டார்கள். சுற்றுவட்டார மக்கள் விடவில்லை. பணம் திரட்டி நிலத்தை வாங்கி மத்திய அரசிடமே கொடுத்தார்கள். 1960இல் அது வனவிலங்குப் புகலிடம் ஆனது. எனக்கு அங்கே பறவையைவிடப் பிடித்த கதை இதுதான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். தரை சதுப்பாக இருக்கும், தண்ணீர் புகாத பூட்ஸ் போடுங்கள். காற்று பலமாக அடித்தால் ஒன்றும் கேட்காது, அன்றைக்கு வீட்டிலேயே இருப்பது நல்லது. புல்வெளிக்குள் இறங்காமல் பாதையிலேயே நில்லுங்கள். டார்ச்சைத் தரையைப் பார்த்தே பிடியுங்கள். மொபைலில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்க யாராவது கிளம்பினால் தடுங்கள், இணை தேடும் பருவத்தில் அது வீண் தொந்தரவு. சில இடங்களில் சூரியன் மறைந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதனால் தனியாகப் போகாமல், முதல் தடவை கிளப்போடு போவதே வசதி.