முயலுக்கு ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தால்

இரண்டு வாரமாக இடது கண்ணில் மட்டும் வெள்ளையாக வடிகிறது, வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்து விட்டும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புல் குத்திய புண்ணும் இருந்தால் நிலைமை மோசமாகிவிடும்.

ஒரு கண்ணில் மட்டும் என்பதால் எனக்குப் பல் மேல்தான் சந்தேகம். முயலுக்குக் கண்ணீர் வடியும் துளை ஒரு கண்ணுக்கு ஒன்றுதான். அங்கிருந்து போகும் குழாய் மேல்பற்களின் வேரை ஒட்டியே மூக்குக்கு இறங்குகிறது. பற்களோ ஆயுள் முழுக்க வளர்பவை. வேர் நீண்டு அழுத்தினால் குழாய் அடைத்துக்கொள்ளும். என் முயலுக்கும் இதே கதைதான். மருத்துவர் குழாயில் உப்புநீரைச் செலுத்தியதும் மூக்கு வழியாகத் தயிர் மாதிரி சீழ் வந்தது. அப்புறம் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் பல் விஷயம் தெரிந்தது.

மருத்துவரிடம் காட்டும்வரை, கொதித்து ஆறிய நீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடையுங்கள். கன்னத்து முடியை ஈரமில்லாமல் ஒற்றிவிடுங்கள், இல்லையென்றால் தோல் வெந்துபோகும். கண்ணை மூடியே வைத்திருந்தாலோ, கண் பிதுங்கினாலோ, அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலோ காத்திருக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். முயல் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போய், பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.