இணைய விற்பனையில் சந்தைத்தளம் என்றால் என்ன? அது ஏன் சொந்தச் சரக்கை விற்கக் கூடாது?

சந்தைத்தளம் என்பது, தானே விற்காமல், விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் இணையதளம். இந்தியாவில் இத்தகைய தளங்களில் 100 விழுக்காடு அந்நிய முதலீடு செய்யலாம். ஆனால் அந்த முதலீட்டைப் பெற்ற தளம் பொதுவாகச் சொந்தச் சரக்கை நுகர்வோருக்கு விற்க முடியாது. வாரச்சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் கடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலிக்கலாம். அவரே வாசலில் தக்காளியைக் கொட்டி அடக்கவிலைக்கும் கீழே விற்றால், உள்ளே தரைக்கடை விரித்தவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? நட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் பெருமுதலின் எதிரே சிறுகடைகளும் நிற்க வேண்டும் என்பதே காரணம். தளங்கள் தம் பங்குள்ள நிறுவனங்களையே விற்பனையாளராக நிறுத்தி விதியைச் சுற்றிப்போயின (எதிர்பார்த்ததுதான்). 2019 பிப்ரவரி 1 முதல் அந்த வழியும் அடைக்கப்பட்டது.

தளம் வெறும் இடம்தான், புகாரை அங்கே சொல்லிப் பயனில்லை என்று பலர் எண்ணுவது சரியன்று: 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டிய குறைதீர் அலுவலரைத் தளமே நியமித்தாக வேண்டும்.