கோயில் வாசலோடு நின்றுவிட்ட மகன்

அன்புள்ள மேடம்,

எனக்கு 58 வயது. தூத்துக்குடிதான் சொந்த ஊர். பரம்பரையாகக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுக்காரர் இறந்து 6 வருஷம் ஆகிறது. ஒரு மகள், ஒரு மகன். இரண்டு பேரையும் பனிமய மாதா காலடியில் போட்டுத்தான் வளர்த்தேன். மகன் 10 வயதிலிருந்தே பூசையில் சாமியாருக்கு உதவும் பீடச்சிறுவன். ராத்திரி ஜெபமாலை சொல்லாமல் எங்கள் வீட்டில் சோறு போட்டதில்லை.

அவனுக்கு இப்போது 29. பெங்களூரில் வேலை. 3 வருஷமாகப் பூசைக்குப் போவதில்லை. வேலை, தூக்கம், பஸ் லேட் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். போன ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழாவுக்கு வந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். "எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணும் தோணலம்மா. யாரு மேலயும் கோவம் கிடையாது. நம்பாம சும்மா போயி நிக்க மனசு வரல" என்றான். கோபம் என்றால் சமாதானப்படுத்தலாம். சாமியார் யாராவது ஏதும் சொல்லியிருந்தால் அவரிடமே போய்க் கேட்கலாம். வேறு சபைக்குப் போயிருந்தால்கூட அங்கேயும் இயேசுதானே என்று மனசைத் தேற்றியிருப்பேன். ஒன்றுமே தோன்றவில்லை என்கிறவனிடம் நான் என்ன பேச?

ஊருக்கு வந்தால் பைக்கில் என்னைக் கோயில் வாசலில் கொண்டுவந்து விடுவான். பூசை முடியும்வரை எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்கள். உள்ளே முழங்கால் போட்டிருந்தாலும் என் நினைப்பு வெளியேதான்.

கிறிஸ்துமஸ் லீவில் மகளின் குழந்தைக்குத் திருமுழுக்கு. தம்பிதான் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். மாட்டேன் என்றுவிட்டான். "சாமியார் கேக்கும்போது விசுவசிக்கிறேன்னு பொய் சொல்லணும்க்கா. பச்சப்புள்ள விஷயத்துல அது வேண்டாம்" என்றான். மருமகனின் அண்ணன் நின்றார். அன்றிலிருந்து மகள் தம்பியோடு பேசுவதில்லை. "அவன் சகவாசத்துல புள்ள கெட்டுப்போகும், ஒதுக்கி வைங்க" என்கிறார் மருமகன்.

தாங்கமுடியாமல், எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஜெபிக்கக் கூடும் அன்பியக் கூட்டத்தில் அவன் பேரைச் சொல்லி, விசுவாசத்தை விட்டுப்போன என் மகனுக்காக ஜெபியுங்கள் என்று அழுதுவிட்டேன். அது அவன் காதுக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் தினமும் ராத்திரி போன் பண்ணுவான். இப்போது வாரம் ஒரு தடவை, "சாப்பிட்டியாம்மா, பிரஷர் மாத்திரை போட்டியா" என்பதோடு சரி.

மற்றபடி வேலைக்கு ஒழுங்காகப் போகிறான். சினேகிதர்களோடு பந்து விளையாடுகிறான். குடி, சிகரெட் கிடையாது. நான் எங்கே தவறினேன்? இது ஏதும் மனநோயா? இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மேலே போய் இவன் அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அடுத்த மாதம் பேத்திக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தத் திருமுழுக்குப் பகுதியைத்தான். உங்கள் மகன் நினைத்திருந்தால் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, எல்லோரோடும் சேர்ந்து "விசுவசிக்கிறேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போயிருக்கலாம். அக்காவுக்கும் மகிழ்ச்சி, உங்களுக்கும் நிம்மதி, ஊர் வாயும் மூடியிருக்கும். அவன் அதைச் செய்யவில்லை. ஞானப்பெற்றோராக நிற்பவர் விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை நடத்துபவராக இருக்கவேண்டும் என்று, 1983-இல் வெளியான உங்கள் திருச்சபைச் சட்டத் தொகுப்பே 874-ஆம் பிரிவில் சொல்கிறது. நம்பிக்கை போனபிறகும் அந்தச் சொல்லுக்கு அவன் இவ்வளவு மரியாதை கொடுக்கிறான். பீடத்துக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எங்கே தவறினேன் என்று கேட்கிறீர்கள். உங்கள் வளர்ப்பை நான் அந்த மறுப்பில்தான் பார்க்கிறேன்.

மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மனச்சோர்வு வந்தவருக்குப் பூசை மட்டும் தனியாகக் கசக்காது. பந்து, சினேகிதர்கள், வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாமே சேர்ந்து கசக்கும். பின்னால் எப்போதாவது அவையும் ஒவ்வொன்றாக விட்டுப்போவதாகத் தெரிந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். பூசைக்கு வரவைப்பதற்காக மட்டும் எந்த மருத்துவரிடமும் கூட்டிப்போகாதீர்கள்.

உங்கள் வலியை நான் சின்னதாக நினைக்கவில்லை. கணவர் போனபிறகு ராத்திரி ஜெபமாலையில் பாதியைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மகன் லீவுக்கு வந்தால் அந்தக் குரல் கேட்கும் என்று காத்திருந்திருப்பீர்கள். சாவுக்குப் பிறகும் குடும்பமாகச் சேர்ந்திருப்போம் என்று நம்புகிற ஒரு தாயிடம் பிள்ளை வந்து "ஒண்ணும் தோணல" என்றால், உயிரோடு இருக்கும்போதே பிரிவு சொன்னதுபோல இருக்கும். இது துக்கம், அம்மா. பங்குத்தந்தையிடமோ மனசுக்கு நெருங்கிய ஒரு தோழியிடமோ உட்கார்ந்து அழுது தீருங்கள்.

ஆனால் அன்பியக் கூட்டத்தில் நடந்தது வேறு. மகனுக்காக ஜெபித்ததில் தவறே இல்லை. உங்களை நம்பி அவன் தனியாகச் சொன்ன விஷயத்தை, அவன் பேரோடு தெருவுக்குக் கொண்டுபோனதுதான் தவறு. அவனும் 3 வருஷம் சாக்குச் சொல்லி மறைத்திருக்கக்கூடாது. அம்மா அழுவாள் என்ற பயத்தில் பிள்ளைகள் அப்படித்தான் இழுத்தடிக்கிறார்கள். ஒருவழியாக உண்மையைச் சொன்ன பிறகு அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. தினமும் வந்த போன் வாரம் ஒன்றாகக் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "மக்கா, நீ எங்கிட்ட சொன்னத நாலு பேருக்கு முன்னால நான் சொல்லிருக்கக்கூடாது" என்று சொன்னால் போதும். அதன் வாலாக "ஆனா நீயும்..." என்று எதையும் சேர்க்காதீர்கள்.

மருமகன் சொல்வதை நான் கொஞ்சமும் ஏற்கமாட்டேன். சமய விஷயத்தில் யாரையும் அவர் மனச்சான்றுக்கு எதிராக நடக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 1965 டிசம்பர் 7-இல், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே அறிக்கை வெளியிட்டது. நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் மனச்சான்றின் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. நம்பிக்கை உள்ளவருக்கும் அது போய்விட்டவருக்கும் அதில் வித்தியாசமில்லை. விட்டுப்போகிறவரின் தனிமை வெளியே தெரிவதில்லை. 2011 கணக்கெடுப்பில் 121 கோடிப் பேரில் மதத்தைக் குறிப்பிடாதவர்கள் ஏறக்குறைய 29 லட்சம்தான், நானூறு பேருக்கு ஒருவர்கூட இல்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன காரணமோ. ஆனால் எல்லோரும் கோயிலுக்குப் போகிற நம் ஊரில், "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வதற்கு எவ்வளவு தயங்கவேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவனை வீட்டிலும் ஒதுக்கினால் பேசக்கூட ஆளில்லாமல் போய்விடுவான். இப்படி ஒதுக்கி யாரையும் திரும்பக் கொண்டுவந்ததாக நான் பார்த்ததில்லை.

கல்யாணப் பேச்சு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணமும் இருக்கிறது. அது அவனும் அந்தப் பெண்ணும் சேர்ந்து முடிவு செய்யவேண்டியது. வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பது என் படிப்புக்குள் அடங்காத கேள்வி. மனசு ஒடிந்திருந்த சமயத்திலும் இவன் மாத்திரையைக் கேட்காமல் போனை வைத்ததில்லை என்று அவரிடம் சொல்லலாம்.

அந்த டீக்கடைக்கு வருகிறேன். அவன் அங்கே உட்கார்ந்திருப்பது உங்களுக்கு அவமானமாகத் தெரிகிறது. தான் நம்பாத ஒன்றுக்காக அம்மாவை வண்டியில் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை காத்திருக்கிறான். உங்கள் பூசையை அவன் மதிக்கிறான். அடுத்த முறை பூசை முடிந்ததும் நேராக வண்டியில் ஏறாமல், எதிர்த்த கடைக்குப் போய் நீங்களும் அவனோடு ஒரு டீ குடியுங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அன்றைக்குப் பிரசங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பேத்தியின் பிறந்தநாளுக்கு முன்னால் மகளிடம் நீங்கள் தனியாகப் பேசவேண்டும். அவள் ஆசைப்பட்டுக் கேட்டதை எல்லோர் முன்னாலும் மறுத்தான், அவளுக்கும் வலிக்கத்தான் செய்யும். முதலில் அதைக் கேளுங்கள், நடுவில் மகனுக்காக வாதாடாதீர்கள். ஞானத்தகப்பனாக அவன் நிற்கவில்லை, சரி. தாய்மாமன் என்ற உறவுக்கு யாரும் எந்தச் சத்தியமும் கேட்பதில்லை. சட்டையும் தோடும் மாமன் வாங்கிவரட்டும் என்று மகளையே போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.