ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு தொலைநோக்கி

கேள்வி: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி விண்வெளியிலேயே நின்று பார்க்கிறது. பிறகும் சில நிமிடங்களில் திரும்பிவிடும் ராக்கெட்டில் அகச்சிவப்புக் கருவியை ஏன் ஏற்றி அனுப்புகிறார்கள்?
– இயற்பியல் மாணவி, செம்பூர், மும்பை

பதில்: ஜேம்ஸ் வெப்பின் பார்வை கூர்மையானது, ஆனால் மிகக் குறுகலானது. காலங்காலமாக எல்லா விண்மீன்களும் உமிழ்ந்த ஒளியின் மிச்சம் வானமெங்கும் மங்கலாகப் பரவிக் கிடக்கிறதே, அதை அளக்க அகலமான பார்வை வேண்டும். ராக்கெட்டில் பறந்த அமெரிக்காவின் 'சைபர்' கருவி ஒரே படத்தில் 2 டிகிரி வானத்தைப் பிடித்தது. நான்கு முழுநிலாக்களை அடுத்தடுத்து வைத்தால் வரும் அகலம் அது.

தரையிலிருந்து இது முடியாது. சுமார் 90 கி.மீ. உயரத்தில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவு முழுக்க அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. பலூன் அவ்வளவு உயரம் போகாது. ராக்கெட் தாண்டிவிடும், மேலே கிடைப்பது ஐந்தாறு நிமிடம்தான்.

கஷ்டமே இனிமேல்தான். அறை வெப்பத்தில் இருக்கும் எதுவும், உங்கள் கை உட்பட, அகச்சிவப்பில் ஒளிரும். தொலைநோக்கியும் அப்படியே. அதனால் ஒளியியல் பாகம் முழுவதையும் திரவ நைட்ரஜனால் 77 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்) குளிர்விக்கிறார்கள். அந்தக் குளிர்ந்த பாகத்தை வெளிக்கூட்டோடு பிணைக்கும் தாங்கிகளைத்தான் நான் மணிக்கணக்காக யோசிப்பேன். கனமாக இருந்தால் அவற்றின் வழியே வெப்பம் உள்ளே ஏறும். மெலிந்தால் ராக்கெட் கிளம்பும் அதிர்ச்சியில் முறியும். கண்ணாடி இழைத் தகடு அதற்குத் தோதான பொருள். இங்கே மும்பையில், மழைக்காலத்தில் க்ரையோஸ்டாட்டை, அதாவது கருவியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் வெற்றிடக் கலத்தை, திறந்து வேலை பார்த்தால் ஈரம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெற்றிடத்தில் அது கிளம்பிப் போய்க் குளிர்ந்த லென்சில் பனியாகப் படிந்து, 3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நாள் கணக்கில் பம்பை ஓட்டிய பிறகுதான் குளிர்விக்கத் தொடங்கலாம்.

சைபர் 2009இல் முதலில் பறந்தபோது, மேலே ஏறுகையில் காற்று உராய்ந்து சூடான ராக்கெட்டின் உடலே ஒளிர்ந்து, அந்த ஒளி சிதறிக் கருவிக்குள் புகுந்தது. கருவி பாராசூட்டில் இறங்கியது. மேலே போனதும் வெளியே நீளும் மறைப்புக் குழல்களைப் பொருத்தி, 2010இல் மறுபடி அனுப்பினார்கள். அதே கருவி 2012இலும் பறந்தது. விண்மீன் மண்டலங்களிலிருந்து (கேலக்ஸி) பிய்த்தெறியப்பட்டு வெளியே அலையும் விண்மீன்களின் ஒளி எதிர்பார்த்ததைவிட அதிகம் இருக்கலாம் என்ற முடிவு 2014இல் வந்தது. 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும் ஜேம்ஸ் வெப்பைக் கழற்றிக் கொண்டுவந்து இப்படித் திருத்த முடியாதே.