வாடகையும் ஓட்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 12 வருடமாக வாடகை அபார்ட்மெண்டில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கி, 2024 நவம்பரில்தான் முதல் ஓட்டுப் போட்டேன். அதில் மாநில ஓட்டெடுப்புத் தீர்மானங்களும் (ப்ராப்) இருந்தன. வாடகைக் கட்டுப்பாடு பற்றிய ப்ராப் 33 வந்தால் புது வீடே கட்ட மாட்டார்கள் என்று தபாலில் நோட்டீஸ் வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று போட்டேன். நோயாளிகளுக்கு நல்லது என்றார்கள், ப்ராப் 34-க்கு ஆதரவாகப் போட்டேன். இரண்டு பிரசாரத்துக்கும் செலவழித்தது அபார்ட்மெண்ட் உரிமையாளர் சங்கம் என்று பிறகுதான் தெரிந்தது. ஏமாந்துவிட்டேனா? சங்கம் வைத்து நலனைக் காப்பது தப்பா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சங்கம் வைப்பது தப்பே இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டை எதிர்க்க நியாயமான காரணமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1994ல் சிறு கட்டடங்களையும் அதற்குள் கொண்டுவந்தபோது, அவற்றின் உரிமையாளர்கள் வாடகைக்கு விடுவதை 15 சதவீதம் குறைத்தார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர்கள் கண்டார்கள். அதை யோசித்துப் போட்டிருந்தால் நீங்கள் ஏமாறவில்லை.

ஆனால் ப்ராப் 33 வாடகைக்கு எந்த வரம்பும் வைக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமையை நகரங்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, அவ்வளவுதான். அந்த உரிமை பறிபோன கதை முக்கியம்.

1978ல் சொத்து வரியைக் குறைத்த ப்ராப் 13-ஐ முன்னின்று நடத்திய ஹோவர்ட் ஜார்விஸ், லாஸ் ஏஞ்சலஸ் அபார்ட்மெண்ட் உரிமையாளர் சங்கத்திடம் சம்பளம் வாங்கியவர். வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்று குடியிருப்போருக்குச் சொன்னார்கள். வரி குறைந்தது, வாடகை குறையவில்லை. கொதித்துப்போனவர்கள் நகர மன்றங்களுக்கும் நகர ஓட்டெடுப்புகளுக்கும் போனார்கள். லாஸ் ஏஞ்சலஸ், சான்டா மோனிகா, சான் பிரான்சிஸ்கோ, பெர்க்லி என்று வரிசையாகக் கட்டுப்பாடு வந்தது. நகர மன்றம் பக்கத்தில் இருக்கிறது. வேலை முடிந்து வந்தவர்கள் கூட்டமாகப் போய் உட்கார முடியும். அங்கே தோற்ற உரிமையாளர் சங்கங்கள் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவுக்குப் போயின. பல வருட முயற்சிக்குப் பின் 1995ல் கோஸ்டா-ஹாக்கின்ஸ் சட்டம் கிடைத்தது. தனி வீடுகளையும் புதுக் கட்டடங்களையும் இனி எந்த நகரமும் கட்டுப்படுத்த முடியாது. ஒருவர் காலி செய்தால் அடுத்தவருக்கு என்ன வாடகையும் சொல்லலாம்.

இந்தச் சட்டத்தை நீக்கவோ தளர்த்தவோ 2018, 2020, 2024 என மூன்று முறை ஓட்டெடுப்பு நடந்தது. மூன்றிலும் சுமார் 60 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். கடைசி முறை, அதாவது ப்ராப் 33ல், எதிர்த்தரப்பு செலவழித்தது 10 கோடி டாலருக்கு மேல்.

என்னை அதிகம் உறுத்துவது ப்ராப் 34. பத்து வருடத்தில் 10 கோடி டாலருக்கு மேல் நேரடிச் சிகிச்சை அல்லாதவற்றுக்குச் செலவழித்திருக்க வேண்டும், 500க்கு மேல் கடும் விதிமீறல் உள்ள குடியிருப்புகளையும் நடத்தியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட மருத்துவ அமைப்பின் பணத்தைத்தான் அது கட்டுப்படுத்தியது. தெரிந்தவரை இந்த அளவுக்குப் பொருந்துகிற அமைப்பு ஒன்றுதான்: அந்த மூன்று ஓட்டெடுப்புகளுக்கும் பணம் கொடுத்த எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன். அதன் கட்டடங்களின் நிலை மோசம் என்பதும் உண்மைதான். ஆனாலும், எதிரியின் கையைக் கட்டும் வேலையை 'நோயாளிகள்' என்ற சொல்லுக்குள் வைத்து உங்களிடம் ஓட்டு வாங்கியிருக்கிறார்கள். 51 சதவீதத்துக்குச் சற்றே குறைவாகப் பெற்று அது ஜெயித்தது.

அந்த நோட்டீஸ் இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதிகம் பணம் கொடுத்தவர்களின் பெயர் அதிலேயே அச்சாகியிருக்கும். கலிபோர்னியாவில் அது கட்டாயம்.

அப்புறம், உங்கள் கட்டடம் கட்டிய தேதியைக் கேளுங்கள். 1979 செப்டம்பர் 7க்கு முன் கட்டியது, மூன்று வீடுகளாவது உள்ளது என்றால், சான் ஹோசே விதிப்படி வருட உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிந்திய கட்டடங்களையும் சேர்த்துக்கொள்ள உங்கள் நகர மன்றமே நினைத்தாலும் 1995ன் சட்டம் விடாது.

அன்புடன்.